எதில் செய்வது என்று கேட்ட ரெஜினால்ட்

‘எதில்’ ஆசாமியை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். ஒரு வேலையை ஒப்படைத்தால் சிலர் ‘ஏன்’ என்று கேட்பார்கள்; அவர்கள் சோம்பேறிகள், விட்டுவிடலாம். சிலர் ‘எப்போது வேண்டும்’ என்று கேட்பார்கள். ஊர் அவர்களை நம்பித்தான் ஓடுகிறது. நம்மாள் இந்த இரண்டு கட்சியிலும் சேர்த்தியில்லை. அவர் கேட்பது ஒன்றே ஒன்று: ‘எதில் செய்வது?’ வீட்டுக்குப் பின்னால் நாலு வெண்டைச் செடி வைக்கச் சொல்லுங்கள். மண்வெட்டிக்குப் பிடி மரமா இரும்பா, தகடு அகலமா நீளமா, ஜப்பான்காரன் செய்ததா உள்ளூர்ப் பட்டறையில் அடித்ததா என்று ஆறு கடை ஏறி இறங்கி, கடைக்காரர்களுக்கே மண்வெட்டியைப் பற்றிப் பாடம் நடத்திவிட்டு, கடைசியில் மலாக்காவிலேயே மிக நல்ல மண்வெட்டியோடு வந்து சேர்வார். அது இன்றைக்கும் மண் படாமல் சுவரில் தொங்குகிறது. வெண்டைக்காய் பாசாரிலிருந்து வருகிறது.

ரப்பர்த் தோட்டத்தில் இருந்த காலம்வரை இந்த இனம் அவ்வளவாகப் பெருகவில்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, மர நிரையைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். எந்தக் கத்தியால் பால் வெட்டுவது உத்தமம் என்று ஆராய்ச்சி பண்ண நினைத்தவனைக் கங்காணியான மண்டோர் ஒரு பார்வை பார்ப்பார். ஆராய்ச்சி அங்கேயே முடிந்துவிடும். பிறகு தோட்டங்கள் போயின, பட்டணம் வந்தது, தொழிற்சாலை வந்தது, எல்லாவற்றுக்கும் பின்னால் கம்ப்யூட்டர் வந்தது. இனத்துக்கு நல்ல காலம் பிறந்தது. மண்வெட்டியில் அதிகம் போனால் ஏழெட்டு வகைதான் இருக்கும். மென்பொருளில்?

ரெஜினால்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1998-இல் அவருக்கு வயது முப்பத்தெட்டு. செங் தொழிற்பேட்டையில், மின்னணுப் பொருள் செய்யும் தொழிற்சாலையில் டெக்னீஷியன். குருபோங்கில் தாமான் என்கிற குடியிருப்பில் வீடு, மனைவி பிரிஜிட், அடுத்த ஜனவரியில் முதலாம் வகுப்புக்குப் போகவேண்டிய மகள் சூசன். தங்கமான மனிதர். கடன் கேட்க மாட்டார், குடிக்க மாட்டார், ஞாயிறு பூசையைத் தவறவிட மாட்டார். அவரிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கத்தை அந்த நாளில் எல்லோரும் திறமை என்று நினைத்தார்கள்.

அவர் பிறந்து வளர்ந்தது லூபோக் சீனாவுக்குப் போகிற வழியில் இருந்த புக்கிட் செராயா தோட்டத்தில். தோட்டத்தை விற்றாகிவிட்டது. ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டார்கள், லயங்களை இடித்துவிட்டார்கள். குடும்பங்கள் குருபோங்குக்கும் செங்குக்கும் வந்து அடுக்குமாடியிலும் தாமான் வீட்டிலும் சிதறிவிட்டன. வெட்டவெளியின் நடுவில் தமிழ்ப்பள்ளி மட்டும் மிச்சம் நின்றது, இருபத்து மூன்று பிள்ளைகளோடு.

மார்ச் மாதம் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பள்ளியைக் குருபோங்குக்கு மாற்றத் தயார். ஜனவரியில் தற்காலிகக் கட்டடத்திலேயே தொடங்கலாம். ஆனால் இங்கே சேர்க்கிறோம் என்று பெற்றோர் ஒப்புக்கொண்ட எண்பது புதிய பிள்ளைகளின் பட்டியல் வேண்டும்: பெயர், பிறப்புப் பத்திர எண், இப்போதைய முகவரி. அக்டோபர் முப்பதாம் தேதிக்குள். இல்லையென்றால் பள்ளியை மூடிவிடுவார்கள்.

எட்டு மாதம். எண்பது பெயர். ஒரு மாதத்துக்குப் பத்துப் பெயர். நொண்டி நொண்டி நடந்தால்கூட முடிந்துவிடும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் தலைமையாசிரியை இந்திராதேவி கடிதத்தைப் படித்து முடித்ததும், சங்கத் தலைவர் தம்புசாமி பின்வரிசையைப் பார்த்தார். தம்புசாமி முப்பது வருடம் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர்.

“ரெஜினால்ட் தம்பி, நீங்க கம்ப்யூட்டர் ஆளு. இந்த லிஸ்ட்ட நீங்களே எடுத்து செஞ்சிருங்கலா.”

ரெஜினால்ட் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். படித்த பள்ளிக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று அவர் நெஞ்சு உண்மையிலேயே பொங்கியது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

“செய்யலாம் அண்ணே. எதுல செய்யறது?”

“இதுல என்னா இருக்கு? பெரிய நீட்டுப் புத்தகம் ஒண்ணு வாங்கி எழுத வேண்டியதுதான். நான் லோரி ஓட்டுன காலத்துல எல்லாம் புத்தகம்தான்.”

“அண்ணே, இது தொண்ணூத்தெட்டு. புத்தகத்த கரையான் தின்னுரும்.”

“கம்ப்யூட்டர வைரஸ் தின்னுரும்லா!”

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. கரையான் கட்சிக்கும் வைரஸ் கட்சிக்கும் ஒன்றரை மணி நேரம் வாதம் நடந்தது. தட்டில் இருந்த கறிபாப் தீர்ந்தது, தேத்தண்ணீர் ஆறியது, கைக்குழந்தைகள் அழுது ஓய்ந்து தூங்கின. குருபோங்கில் எந்தத் தாமானில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கடைசியில் இரண்டிலும் செய்வது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். தம்புசாமி மறுநாளே தடித்த அட்டை போட்ட புத்தகம் வாங்கி, பழுப்புத்தாளில் உறை போட்டு, கட்டங்களைச் சிவப்பு மையில் போடுவதா பச்சை மையில் போடுவதா என்ற யோசனையில் இறங்கினார். அவரை அங்கேயே விட்டுவிடுவோம். அக்டோபர் வரை அவர் அங்கேதான் இருப்பார்.

ரெஜினால்டின் முதல் மாதம் ஒப்பீட்டில் போயிற்று. தகவலைச் சேர்த்துவைக்கும் மென்பொருள்கள் அவருக்குத் தெரிந்து நான்கு: டிபேஸ், ஃபாக்ஸ்புரோ, ஆக்செஸ், எக்செல். நான்குக்கும் வேகம், அழகு, எதிர்காலம் என்ற மூன்று தலைப்பில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் கொடுத்து ஒரு அட்டவணை போட நினைத்தார். நல்ல யோசனைதான். ஆனால் அந்த அட்டவணையை எதில் போடுவது? அதற்கு இரண்டு வாரம். அப்புறம் மதிப்பெண் போடும்போது ‘எதிர்காலம்’ என்ற தலைப்பில் மனிதர் சிக்கிக்கொண்டார். இது ஐயாயிரம் பெயர் தாங்கும், அது ஒரு லட்சம் தாங்கும், அதனால் அதுவே மேல் என்று முடிவுகட்டினார். குருபோங்கில் ஒரு லட்சம் தமிழ்ப்பிள்ளைகள் பிறப்பதற்கு வாய்ப்புண்டா என்று கேட்டால் உங்களுக்குத் தொலைநோக்கு இல்லை என்று அர்த்தம்.

சனிக்கிழமை இரவுச் சந்தையான பாசார் மாலாமில், பலாப்பழக் கடைக்கும் உள்ளாடைக் கடைக்கும் நடுவில் ஒரு சீனப் பையன் குறுந்தட்டு விரித்திருப்பான். ரெஜினால்டைக் கண்டால் அவன் முகம் மலர்ந்துவிடும். “அங்கிள், இந்த சிடி பாரு, எல்லாம் இருக்கு!” எல்லாம் இருந்தது. அதுதான் சிக்கல். நாலு மென்பொருள் என்று போனவர் ஒன்பதோடு வீடு திரும்பினார். அட்டவணையில் ஐந்து வரிசை கூடியது.

மே மாதத்தில் அவருக்கு ஒரு ஞானம் உதித்தது. வீடு வீடாகப் போய் எதற்குக் கேட்கவேண்டும்? இணையத்தில் ஒரு பக்கம் போட்டு, அதில் ஒரு படிவம் வைத்துவிட்டால், பெற்றோர் அவரவரே வந்து நிரப்பிவிட மாட்டார்களா? உட்கார்ந்த இடத்தில் தகவல் வந்து விழுமே! இதை அவர் பிரிஜிட்டிடம் சொன்னபோது அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அடுக்குமாடில நம்ம ஆளுங்க எத்தன வீட்ல கம்ப்யூட்டர் இருக்கு?”

“இப்ப இல்ல. எதிர்காலத்துல இருக்கும்லா.”

“எதிர்காலத்துல அந்தப் புள்ளைங்களுக்கு கல்யாணம் ஆயிருக்கும்.”

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பக்கத்தை எதில் கட்டுவது என்ற கேள்வி அதற்குள் அவரைப் பிடித்துக்கொண்டது. ஃபிரண்ட்பேஜ் என்றால் சுலபம், ஆனால் சுலபமானதைச் செய்தால் டெக்னீஷியன் என்று எவன் மதிப்பான்? நோட்பேடில் வரி வரியாக எழுதினால் கௌரவம், ஆனால் கை வலிக்கும். படிவத்தில் நிரப்பியதை வாங்கிச் சேர்க்கப் பெர்ல் என்ற மொழியில் நிரல் வேண்டும்; அதை நாமே எழுதத் தேவையில்லை, வெளிநாட்டில் யாராவது எழுதி லைப்ரரி என்ற பெயரில் இலவசமாக விட்டிருப்பார்கள். ரெஜினால்ட் தேடினார். ஒன்று கிடைத்தது. அது கிடைத்தவுடன் அதைவிட நல்லது ஒன்று கிடைத்தது. நல்லதை இறக்கி முடித்தபோது, இதைவிட மேலானது அடுத்த மாதம் வருகிறது என்று எழுதியிருந்தது. இப்போது தொடங்கினால் வீண்தானே? காத்திருந்தார்.

காத்திருந்த காலத்தில் சும்மா இருந்தார் என்று நினைக்காதீர்கள். பக்கத்தின் முகப்பை அமைத்தார். தொப்பி போட்ட மனிதன் ஒருவன் மண்வெட்டியால் ஓயாமல் மண்ணை வாரிக்கொண்டிருக்கும் படம், அதற்குக் கீழே ‘பணி நடைபெறுகிறது’ என்ற அறிவிப்பு. நடந்த ஒரே பணி அவன் செய்ததுதான். அதற்கும் கீழே எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று காட்டும் எண்ணி. அதன் இலக்கங்கள் கார் மீட்டர் போல இருக்கலாமா, விமான நிலையப் பலகை போல இருக்கலாமா என்று ஒரு வாரம் யோசித்துக் கார் மீட்டரைத் தேர்ந்தெடுத்தார். ஜூன் முடிவில் அது முந்நூற்றுப் பன்னிரண்டு காட்டியது. அதில் முந்நூற்றுப் பத்து அவரே. மீதி இரண்டு பிரிஜிட், அவர் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டியதால்.

தமிழில் எழுதலாம் என்று பார்த்தார். அன்றைக்குத் தமிழ் எழுத்துருக்கள் பங்காளிகள் மாதிரி. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டமும் கேள்விக்குறியுமாக நிற்கும். எந்த எழுத்துரு என்பதற்கு மூன்று வாரம் போனது. மாதிரிப் படிவம் ஒன்றை அமெரிக்காவிலிருந்து இறக்கினார். அதில் குடும்பப் பெயர் கட்டாயம், ஃபேக்ஸ் எண்ணும் கட்டாயம். சோதனைக்காக மூன்று பிள்ளைகளைக் கற்பனையில் பெற்று உள்ளே போட்டுப் பார்த்தார். நம் பிறப்புப் பத்திரத்தில் பிள்ளையின் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவில் இன்னாரின் மகள் என்பதற்கு ‘ஏ/பி’ என்று போடுவார்கள் அல்லவா? அமெரிக்கப் படிவம் அதையே குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, மூவரையும் ஏ/பி குடும்பத்து வாரிசுகளாக வரிசையில் நிறுத்தியது. ரெஜினால்டுக்கு உற்சாகம் தாங்கவில்லை. தீர்க்கவேண்டிய சிக்கல் ஒன்று கிடைத்துவிட்டது! மற்றவர்களுக்குச் சிக்கல் வந்தால் தலைவலி, இந்த இனத்துக்கு அது விருந்து.

இதில் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விட்டால் பாவம். அந்தக் காலத்தில் இணையம் வீட்டுத் தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் வரும். இவர் இணையத்தில் இருக்கும்வரை வேறு யாரும் அந்த எண்ணுக்கு அழைக்க முடியாது. கூட்டத்தில் பெற்றோருக்குக் கொடுத்த எண் அதுதான். தகவல் சேர்க்கும் வழியை அவர் உள்ளே தேடிக்கொண்டிருந்த நேரமெல்லாம், தகவல் வெளியே நின்று கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

அப்படித் திரும்பிப் போனவர்களில் ஒருத்தி கோமளா. புக்கிட் செராயாக்காரி, செங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை, அடுத்த ஆண்டு பள்ளிக்குப் போகவேண்டிய மகன். நாலு நாள் தொலைபேசியில் அழைத்துப் பார்த்தாள். நாலு நாளும் லைன் கிடைக்கவில்லை. ஐந்தாம் நாள் கிலாங் பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது பக்கத்து இருக்கைக்காரியிடம் கேட்டாள்.

கிலாங் பஸ்ஸை, அதாவது தொழிற்சாலைப் பேருந்தை, நீங்கள் பார்த்திருப்பீர்கள். விடிவதற்கு முன்னால் ஒவ்வொரு தாமான் முனையிலும் நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களில் பாதிக்கு மேல் அந்தப் பேருந்தில்தான் பிழைப்பு. கோமளா முதல் இருக்கையில் தொடங்கினாள். “அக்கா, ஒங்க மவ ஸ்கூலுக்கு எப்ப? நம்ம தமிழ் ஸ்கூலு குருபோங்குக்கு வருதாம். சூராட் பெரானாக், அதான் பொறப்புப் பத்திர நம்பரு, நாளைக்கு எழுதிக்கிட்டு வாங்க.” அவர்கள் மறுநாள் எழுதிக்கொண்டு வந்தார்கள். கிளினிக்கில் மாத்திரை போட்டுக் கொடுத்த உறையில், பிஸ்கட் அட்டையில், காலண்டர் தாளில், பிள்ளை வரைந்த பூனைப் படத்தின் முதுகில். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கேட்டில் நின்று இரவு வேலைக்காரப் பெண்களையும் பிடித்தாள். பிரிஜிட் ஒரு நாள் கடையில் அவளைக் கண்டு, சூசனுக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள், கணவருக்குத் தெரியாமல். சீட்டுகளை அவள் போட்டுவைத்த மைலோ டின் நிறைந்தது.

ஆகஸ்ட் முதல் ஞாயிறன்று கோமளா டின்னைக் கொண்டுவந்து ரெஜினால்டின் மேசையில் வைத்தாள்.

“அண்ணே, எம்பத்தாறு இருக்கு. டைப் அடிச்சா முடிஞ்சிருச்சிலா.”

ரெஜினால்டுக்குக் கன்னத்தில் ஒன்று வைத்தது போல இருந்தது. ஐந்து மாத ஆராய்ச்சிக்கு முன்னால் ஒரு மைலோ டின்! சீட்டு ஒன்றை இரண்டு விரலால் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார்.

“எந்த ஃபார்மட்டுமே இல்லயே கோமளா. ஒருத்தர் பேர மேல எழுதியிருக்காங்க, ஒருத்தர் கீழ எழுதியிருக்காங்க. இத அப்படியே போட முடியாது. சுத்தம் பண்ணணும்.”

கோமளா சீட்டை வாங்கிப் பார்த்தாள். “லேசா சம்பால் பட்டிருக்கு. மத்தபடி நல்லாத்தான் இருக்கு.”

“வச்சிட்டுப் போங்க. நான் முறையா பண்றேன்.”

முறையாக என்ற வார்த்தையைக் கேட்டால் ஓடிவிட வேண்டும் என்று கோமளாவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவள் வைத்துவிட்டுப் போனாள். டின் கணினித் திரையின் தலைமேல் ஏறி உட்கார்ந்தது. இந்த எண்பத்தாறையும் பெருமையோடு தாங்கக்கூடிய கட்டமைப்பு எது என்று ரெஜினால்ட் புதிதாக ஒரு அட்டவணை தொடங்கினார்.

ஊரில் பிள்ளைகள் அட்டவணைக்காகக் காத்திருப்பார்களா? அக்கம்பக்கத்துப் பள்ளிகளில் அடுத்த ஆண்டுக்கான பதிவு நடந்துகொண்டிருந்தது. தமிழ்ப்பள்ளி வருமா வராதா என்று யாருக்கும் நிச்சயமில்லை. பெற்றோர் கொஞ்ச நாள் பார்த்தார்கள், தொலைபேசியில் கேட்டார்கள், லைன் கிடைக்கவில்லை. ஒவ்வொருவராக நழுவினார்கள்.

“மீனம்மாவோட பேத்திய சீன ஸ்கூல்ல பதிஞ்சிட்டாங்களாம்,” என்றாள் பிரிஜிட்.

“ஒரு நிமிஷம். இன்ஸ்டால் ஆவுது.”

“நம்ம சூசனுக்கு என்னாங்க பண்றது? கேக்கறேன்ல?”

“ஒரு நிமிஷம் பிரிஜிட்.”

பிரிஜிட் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

செப்டம்பரில் இந்திராதேவி நேரில் வந்தார். ரெஜினால்ட் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, திரையை அவர் பக்கம் திருப்பினார். பள்ளிச் சின்னம் மினுமினுத்துக்கொண்டே மூன்று சுற்றுச் சுற்றி வந்து நின்றது. ‘நல்வரவு’ என்று எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அம்மையார் நல்ல ஆசிரியை. முழுவதையும் பொறுமையாகப் பார்த்தார்.

“ரொம்ப அழகா இருக்கு. எத்தன பிள்ளைங்க ஆச்சு?”

“டின்ல எம்பத்தாறு டீச்சர்.”

“கம்ப்யூட்டர்ல?”

“மூணு. அதுவும் சோதனைக்குப் போட்டது. ஆனா டீச்சர், போட்டோம்னா அப்படியே நிக்கும்.”

இந்திராதேவியின் பார்வை டின்னுக்குப் போயிற்று. “அதக் கொடுங்களேன், நான் எடுத்துட்டுப் போயி எழுதிக்கிறேன்.”

இங்கேதான் ரெஜினால்ட் தவறு செய்தார். அதுவரை செய்தவை விளையாட்டு, இது தவறு. அவர் முகம் சிறுத்துவிட்டது. “என்மேல நம்பிக்கை இல்லயா டீச்சர்?” என்றார். அந்தக் குரலில் உண்மையான வலி இருந்தது. அப்படிக் கேட்ட பிறகு மரியாதை தெரிந்த எந்த மனுஷி டின்னைத் தொடுவாள்? இந்திராதேவி தேநீரைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு போனார். திண்டாடப்போவது எண்பத்தாறு பிள்ளைகள், ஆனால் அன்றைக்கு எல்லோரும் காப்பாற்றியது ஒரு மனிதரின் ரோஷத்தை.

அக்டோபர் இருபத்தைந்து, ஞாயிறு. இன்னும் ஐந்து நாள். பூசை முடிந்து ரெஜினால்ட் வீட்டுக்கு வந்தபோது வாசலில் செருப்புகள் கிடந்தன. உள்ளே இந்திராதேவி, கோமளா, பழுப்பு உறை போட்ட புத்தகத்தை மடியில் வைத்திருந்த தம்புசாமி. யாரும் அவரைத் திட்டவில்லை. கோமளா நேரே போய் டின்னை இறக்கி, தரையில் பேப்பர் விரித்து, அதில் கவிழ்த்தாள்.

சீட்டு சீட்டாக எடுத்துப் படித்தார்கள். இந்தப் பிள்ளை இருக்கிறதா, போய்விட்டதா? கோமளா பஸ்ஸில் கேட்டு வைத்திருந்தாள். இது இருக்கு. இதுவும் இருக்கு. இது சீன ஸ்கூலுக்குப் போயிருச்சு. இது மலாய் ஸ்கூலு. அல்போன்ஸோட ரெண்டு புள்ளைங்களும் போயிருச்சு. ரெஜினால்ட் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பாதி சீட்டுகளில் இருந்த தகப்பன் பெயர்கள் அவரோடு அதே பள்ளி மணலில் கோலி விளையாடியவர்கள். ஒவ்வொரு சீட்டு ஓரமாகப் போகும்போதும் அவர் எட்டி அந்தப் பெயரைப் படித்தார்.

பூனைப் படத்தின் முதுகில் எழுதிய சீட்டு வந்தது. கோமளா படித்துவிட்டு நிமிர்ந்து பிரிஜிட்டைப் பார்த்தாள்.

“சூசன்,” என்றாள். “இது இருக்கா?”

“இருக்கே,” என்றார் ரெஜினால்ட்.

“இல்ல,” என்றாள் பிரிஜிட். “போன மாசமே பக்கத்து ஸ்கூல்ல பதிஞ்சிட்டேன்.”

“என்னைக் கேக்காமயா?”

“கேட்டேனே. ஒரு நிமிஷம்னு சொன்னீங்க.”

ரெஜினால்ட் சீட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். தன் வீட்டுப் பிள்ளை. தன் கணினியின் தலைமேல் மூன்று மாதம் உட்கார்ந்திருந்த சீட்டு. அந்தப் பூனையை எப்போது வரைந்தாள் என்றுகூட அவருக்குத் தெரியாது.

பதினோரு பிள்ளைகள் போயிருந்தன. மீதி எழுபத்தைந்து. ஐந்து குறைகிறது.

“சூசன அங்கேர்ந்து மாத்திட்டா நாலுதான்,” என்றார் இந்திராதேவி மெதுவாக. “அப்பா கையெழுத்துப் போட்ட ஒரு லெட்டர் போதும்.”

பிரிஜிட் உடனே தாள் எடுத்து இரண்டு வரி எழுதிக் கணவரின் முன்னால் வைத்தாள். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ரெஜினால்டின் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை. மகளுக்காக, பள்ளிக்காக, மணலுக்காக, அந்த நிமிடம் எதை வேண்டுமானாலும் செய்யத் தயாராக இருந்தார். தாளை இழுத்துக்கொண்டார். பேனாவுக்காகக் கையை நீட்டினார். மேசையில் இருந்த குவளையில் பேனாக்கள் நிறைய இருந்தன.

“எதுல போடறது?” என்றார். “கறுப்பா, நீலமா?”

தம்புசாமிகூடச் சிரிக்கவில்லை. பிரிஜிட் குவளையிலிருந்து கைக்கு வந்ததை எடுத்து அவர் விரலுக்குள் திணித்தாள். கையெழுத்து விழுந்தது.

இன்னும் நாலு வேண்டும். “குருபோங் புது அடுக்குமாடில போன மாசம் சில குடும்பம் வந்திருக்கு,” என்றாள் கோமளா. “யாருகிட்ட மோட்டார் சைக்கிள் இருக்கு?”

“நான் போறேன்!” ரெஜினால்ட் துள்ளி எழுந்தார். தாங்கள் அவரைத் தப்பாக எடை போட்டுவிட்டோமோ என்று எல்லோருக்கும் ஒரு கணம் தோன்றியது. அவர் வாசலை நோக்கி இரண்டடி வைத்தார். நின்றார். திரும்பிக் கணினியைப் பார்த்தார். “எந்த ரோட்டுல மொதல்ல போனா நல்லதுன்னு பாத்துக்கலாம். என்கிட்ட மேப் சிடி ஒண்ணு இருக்கு, அஞ்சு நிமிஷம்…”

ஆணியில் தொங்கிய சாவியைக் கோமளா எடுத்துக்கொண்டாள். பிரிஜிட் பின்னால் ஏறிக்கொண்டாள். வரைபடம் திறப்பதற்குள் மோட்டார் சத்தம் முனை திரும்பிவிட்டது. மத்தியானச் சோற்றுக்குத் திரும்பி வந்தபோது கையில் ஏழு பிள்ளைகள் இருந்தன. மொத்தம் எண்பத்து மூன்று. அதில் மூன்று சகோதரர்கள் ஒரே வீடு, கதவைத் தட்டியதும் அவர்களுடைய அம்மா சொன்னாளாம், “மே மாசத்துலேர்ந்து போன் அடிக்கிறேன்.”

இந்திராதேவி அன்று மாலைக்குள் எண்பத்து மூன்று பெயரையும் எழுதி முடித்தார். புதன்கிழமை காலையில் கல்வி அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டு வந்தார். ஜனவரியில் தற்காலிகக் கட்டடத்தில் மணி அடித்தது. சூசன் முதல் வரிசையில் நின்றாள். மற்றப் பத்துப் பிள்ளைகளும் வரவில்லை. புதிய சீருடை தைத்துப் புத்தகமும் வாங்கியாகிவிட்டது, இனி எப்படி மாற்றுவது என்றார்கள் பெற்றோர், நியாயம்தானே? தினமும் காலையில் அந்தப் பிள்ளைகளை ஏற்றிய வேன் நம் பள்ளி வாசலைத் தாண்டித்தான் போகும். அவர்கள் சன்னல் வழியாகப் பார்ப்பார்கள். யாருடைய ஆராய்ச்சிக்கு அவர்கள் விலையானார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. ரெஜினால்டுக்குத் தெரியும். வேன் போகும் நேரத்தில் அவர் பள்ளி வாசலில் நிற்பதில்லை.

இதற்குப் பிறகாவது அவர் மாறினாரா என்று கேட்காதீர்கள். இது நீதிக்கதை இல்லை. பள்ளித் திறப்பு விழாப் படங்களை இணையத்தில் போடும் பொறுப்பு அவரிடம்தான் இருக்கிறது. அட்டவணை ஒன்று தயாராகிறது.

நீங்கள் வாய்விட்டுச் சிரித்திருப்பீர்கள். பக்கத்து வீட்டுக்காரரையோ, அலுவலகத்தில் எதிர் மேசைக்காரரையோ நினைத்துக்கொண்டு, ‘அப்படியே அவன்தான்’ என்று தொடையில் தட்டியிருப்பீர்கள். நல்லது. ஆனால் ஒரு சின்ன விஷயம். இந்திராதேவி எண்பத்து மூன்று பெயரையும் அன்று மாலைக்குள் எழுதி முடித்தார் என்று சற்று முன்னால் படித்தீர்கள் அல்லவா? அந்த இடத்தில் உங்கள் மனத்தில் ஒரு கேள்வி எட்டிப் பார்த்ததே, அது என்ன? பிள்ளைகளின் பெயர் என்ன என்று கேட்டீர்களா? அவர்கள் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டீர்களா? இல்லை. தம்புசாமியின் புத்தகத்திலா, தட்டச்சிலா, கடைசியில் கணினியிலேயேவா, எதில் எழுதினார் என்றுதானே கேட்டீர்கள்?